‘சாப்’ என்று அடித்தால்

மனைவி இறந்துபோன பிறகும் அவளுடைய மடிக்கணினி என்னிடம் பேசிக்கொண்டிருந்தது. பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே தமிழ் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள் அவள். நான் வேலையில் இருந்த காலத்தில் மதிய இடைவேளைக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புவாள்: ‘சாப்பிட்டீங்களா?’ அவள் வைத்திருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அடிப்பவரின் வழக்கமான சொற்களைக் கற்றுக்கொண்டு முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கும். அவள் இல்லாத வீட்டில் ஒருநாள் நான் ‘சாப்’ என்று அடித்தேன். அது எடுத்துக் கொடுத்த பட்டியலில் ‘சாப்பிட்டீங்களா’ என்று முதல் வரியில் வந்து நின்றது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பழைய மின்னஞ்சல்கள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் அவை என்றைக்கோ கேட்டவை. இது இன்றைக்குக் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் காப்பிக்கடையில் வாங்கிவந்த சோற்றை முடித்த கையோடு உட்கார்ந்து ‘சாப்’ என்று அடிப்பேன். அவள் கேட்பாள். அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்துத் தொடமாட்டேன், அது அவளுடையது. ‘சாப்பிட்டேன்’ என்று முழுதாக அடித்துப் பதில் சொல்லிவிட்டு மூடிவைப்பேன்.

பாசிர் ரிஸ்ஸில் குடியிருக்கும் மகள் என்னைப் பார்க்க வந்தபோது அவள்தான் ஆரம்பித்தாள். “அப்பா, இந்த விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராது. பேங்க் வேலையெல்லாம் இதுலயே பண்றீங்க, டேஞ்சர் லா. என் பழைய மேக்கை எடுத்துக்குங்க.”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. “உன் மேக்கை நீயே வச்சுக்க,” என்றேன். அவள் விடவில்லை. தேக்கா கடைத்தெருவில் உள்ள கணினி பழுதுபார்க்கும் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். “புது விண்டோஸ் இதுல ஏறாது அங்கிள். அது கேக்கிற செக்யூரிட்டி சிப் இதுல இல்ல. லினக்ஸ் போட்டா நல்லா ஓடும். ஆனா இந்தத் தமிழ் கீபோர்டு லினக்ஸ்லயும் வராது, மேக்லயும் வராது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல.”

“அது கத்துக்கிட்ட சொல்லையெல்லாம் எடுத்துக் குடுங்களேன்.”

“எடுக்க முடியாது அங்கிள். எதுக்கு, வேற கீபோர்டு போட்டா அதுவும் கத்துக்கும் லா.”

யாரிடமிருந்து கற்றுக்கொள்ளும்? அவள் கேட்பதைக் காட்டிவிடலாம் என்று இரண்டு பேர் முன்னாலும் ‘சாப்’ என்று அடித்தேன்.

‘சாப்பிட்டேன்’ என்று வந்தது. அவள் கேள்வி இரண்டாவது வரியில் கிடந்தது.

“எதை அதிகமா அடிக்கிறீங்களோ அதைத்தான் மேல காட்டும்,” என்றார் கடைக்காரர்.

பதில் சொல்லிச் சொல்லியே அவளை என் கையால் கீழே தள்ளியிருக்கிறேன். மகள் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மாவா?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். “நெட்டைக் கழட்டிட்டு வச்சுக்குங்கப்பா. பேங்க் வேலைய நான் பாத்துக்கிறேன்,” என்றாள்.

வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் ‘சாப்’ என்று அடித்து, அவளுடைய சொல்லை நானே தேர்ந்தெடுத்து அழுத்துகிறேன், மேலே வரட்டும் என்று. கேள்வி திரையில் நிற்கிறது. பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.