ஐந்தாவது இடம்

இசைவாணி பூனாவுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. பூனா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவள் அம்மா நாகஜோதிக்குத் தெரியாது. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை அவளுக்கு. "நீ கம்பெனிக்குள்ள வராம எங்கன போனாலும் சரிதான்" என்றாள்.

இசைவாணி விருதுநகரில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தாள். பூனாவில் அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.க்கு நாற்பது இடங்கள். முப்பத்தைந்து அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மிச்ச இந்தியா முழுவதற்கும் ஐந்து. ஜூலை பதினொன்றாம் தேதி பட்டியல் வந்தபோது, வெளிமாநிலத்தாருக்கான காத்திருப்போர் வரிசையில் அவள் மூன்றாவதாக இருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பழைய பட்டியல்களை எல்லாம் தேடி எடுத்தாள். நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மூன்றாவது ஆள்வரை இடம் கிடைத்திருந்தது. தேர்வானவர்களில் இரண்டு பேர் விலக, ஒரே வாரத்தில் அவள் முதலாவது இடத்துக்கு ஏறினாள். தேர்வானவர்களில் இன்னும் ஒருவர் மட்டும் சேராமல் இருந்தார். தினமும் காலையில் பக்கத்தைத் திறக்கும்போது, 'இந்த ஒரு ஆள் வராம இருந்தாப் போதும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

ஐந்தாவதாக இருந்த அந்தப் பெயர் 'மாரிசெல்வி மு., விருதுநகர் மாவட்டம்'.

இந்தியா முழுவதற்குமான ஐந்து இடத்தில் ஒன்று தன் மாவட்டத்துப் பெண்ணுக்கே போயிருந்தது அவளுக்கு வியப்பாக இருந்தது. விதி இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மாரிசெல்வி தானாக விலகினால் இடம் இசைவாணிக்கு வரும். சேரவும் செய்யாமல், விலகவும் செய்யாமல் இருந்துவிட்டால் அந்த மாநிலத்துப் பட்டியலுக்குப் போய்விடும்.

நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மாரிசெல்வி படித்த கல்லூரியில் விசாரித்து ஊரைத் தெரிந்துகொண்டு, புதன்கிழமை பஸ் ஏறினாள். ஆலங்குளம் தாண்டி ஒரு சின்ன ஊர். உச்சி வெயில். சாலையோர வேப்பமரங்களில் சிமெண்ட் ஆலையின் தூசி படிந்து இலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. டீக்கடையில் இருந்த பெண்ணிடம் வழி கேட்டாள். அந்தப் பெண் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது தெருவைக் காட்டினாள்.

"அவுக அம்மாட்ட எதையும் துருவித் துருவிக் கேக்காதம்மா" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

கதவு திறந்தே இருந்தது. மாரிசெல்வியின் அம்மா அய்யம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு சுடிதாரை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மடித்த துணிகள் வரிசையாக இருந்தன.

"செல்வியோட படிச்ச பிள்ளையா? வா தாயி, உக்காரு. அவதான் இல்லையே. பூனாவுக்குப் போய்ட்டாள்ல."

அப்படியென்றால் இடம் போய்விட்டது என்று இசைவாணி நினைத்தாள். ஆனால் வகுப்புகள் ஆகஸ்டில்தான் தொடங்கும். "எப்பப் போனாகம்மா?" என்று கேட்டாள்.

"போன வாரம். மெசேஜ் வந்துச்சு, சீட்டு கெடச்சிருச்சுன்னு. உடனே கெளம்பிட்டா. பேசுறியா? இரு, போட்டுத் தாரேன்."

அய்யம்மாள் தன் போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தாள். உள்ளறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள்ளிருந்து மணி அடித்தது.

இசைவாணி பீரோவைப் பார்த்தாள். அய்யம்மாள் திரும்பவே இல்லை. பீரோக் கதவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. முழு மணியும் அடித்து ஓய்ந்ததும் அய்யம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். "எடுக்க மாட்டேங்கா. கிளாஸ்ல இருப்பா."

வாசலில் நிழல் விழுந்தது. மாரிசெல்வியின் அப்பா முத்துப்பாண்டி. இசைவாணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வெளியே கூட்டிக்கொண்டு நடந்தார்.

"மூணாந்தேதி" என்றார் தெரு முனையில். "லீவுல சும்மா இருக்க வேண்டாம்னு ஒரு மாசம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனா. மருந்து கலக்குற ரூம் பக்கம். மூணு பேரு. பதினொண்ணாந்தேதி அவ போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அதப் பாத்ததுலருந்து இவ இப்படி. போன் சுவிட்ச் ஆப்னு சொன்னா சோறு திங்க மாட்டா. நாந்தான் தெனமும் சார்ஜ் போட்டு உள்ள வைக்கேன்."

அந்த வெடிவிபத்துச் செய்தி வந்த நாளில் நாகஜோதி டி.வி.யை அணைத்துவிட்டிருந்தாள். அது எப்போதும் செய்வதுதான். இசைவாணி பெயர்களைப் பார்க்கவே இல்லை. இப்போது அவளுக்கு ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. பட்டியல் வந்ததே பதினொன்றாம் தேதி. தான் வேண்டிக்கொள்ளத் தொடங்கும்போதே அந்தப் பெண் இல்லை. அந்தக் கணக்கு சரிதான். இருந்தும் அதை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"சும்மா பாக்க வந்தேங்கய்யா" என்றாள்.

"இல்லம்மா. ஒம் பேரு இசைவாணிதான?"

அவள் நின்றுவிட்டாள்.

"பெறகும் மெசேஜ் வந்துச்சு, புது லிஸ்ட்டோட. எம்மகளுக்குக் கீழ யாரு நிக்கான்னு பாத்தேன். அதுவும் நம்ம மாவட்டம். வருவேன்னு நெனச்சேன். வெலகுறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. நாலு நாளா அமுக்கப் பாக்கேன், வெரல் போக மாட்டேங்கு."

இருவரும் திரும்பி நடந்தார்கள். முத்துப்பாண்டி பீரோவைத் திறந்து போனை எடுத்தார். இசைவாணி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். போன் சூடாக இருந்தது. விலகுவதற்கான பக்கத்தைத் திறந்தாள். ரகசிய எண் வந்தது, போட்டாள். 'உறுதியாக விலகுகிறீர்களா?' என்று கேட்டது. முத்துப்பாண்டியின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் அழுத்தினார்.

"என்னத்த அமுக்குறீக?" என்றாள் அய்யம்மாள்.

"பூனாவுல சீட்ட உறுதி பண்ணுறோம்" என்றார் அவர்.

"அப்பச் சரி" என்று அய்யம்மாள் மறுபடி துணி மடிக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை இசைவாணிக்கு இடம் வந்தது. நாகஜோதி அழுதாள்.

கிளம்புவதற்கு முன்தினம் முத்துப்பாண்டி போன் செய்தார். "கேக்கக் கூடாதுதான். எம் பொஞ்சாதி போன்ல செல்விங்கிற பேருக்கு ஒன் நம்பரப் போட்டுக்கிடட்டுமா? ஒரு ரெண்டு வார்த்த போதும்." இசைவாணிக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை.

பூனாவில் முதல் வாரமே அழைப்பு வந்தது. மாலை ஆறு மணி, ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் திரும்புகிற நேரம்.

"செல்வி, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. இனிமேத்தான்."

"குளிருதா அங்கன?"

"லேசா."

அவ்வளவுதான். தினமும் அதே ஆறு மணி. ஆரம்பத்தில் அம்மா என்று கூப்பிட இசைவாணிக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. விடுதி அறைத்தோழி, "உனக்கு இரண்டு அம்மாவா?" என்று இந்தியில் கேட்டாள். இசைவாணி ஆமாம் என்றாள்.

நவம்பரில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். போன் விடுதி அறையில் அணைந்து கிடந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அய்யம்மாளை அழைத்தாள்.

"அம்மா, நாலு நாளா பேச முடியல. ஒடம்பு சரியில்ல."

"அதான் நேத்தே சொன்னியே. ஆஸ்பத்திரில கஞ்சி உப்பில்லாம இருக்குன்னு."

கஞ்சி உப்பில்லாமல்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

முத்துப்பாண்டியிடம் கேட்டாள். அவர் மனைவியின் போனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: நான்கு நாளும் மாலை ஆறு மணிக்கு 'செல்வி' என்ற பெயருக்கு அழைப்பு போயிருக்கிறது. ஒவ்வொன்றும் பதினோரு, பன்னிரண்டு நிமிடம். பழைய போன்? அது கார்டு எடுத்து, அணைத்து, பீரோவில்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இல்லை. "நீ பேசலேன்னா செல்வியே பேசிக்கிடுதா போல" என்றார்.

அதற்குப் பிறகு இசைவாணி ஒரு நாளும் அழைப்பைத் தவறவிடவில்லை. பயமா, பொறாமையா என்று அவளுக்கே தெரியாது. எம்.எஸ்ஸி. முடித்து இப்போது அங்கேயே ஆராய்ச்சி செய்கிறாள். அவள் படிப்பது எளிதில் வெடிக்காத மருந்துக் கலவைகளைப் பற்றி. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் ஆலங்குளத்துக்கும் போனாள்.

அய்யம்மாள் அவளை வாசலில் நின்று பார்த்தாள். "வா தாயி. செல்வியோட படிச்ச பிள்ளதான?" என்று உள்ளே கூட்டிப்போய் இட்லி வைத்தாள்.

இசைவாணி இரண்டு இட்லி சாப்பிட்டாள். செல்வி நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னாள். அய்யம்மாள் தட்டில் இன்னொன்று வைத்தாள்.