ஆறாம் நம்பர் டேங்க்

அந்தப் போர்க்கப்பலில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி சமையல்காரரிலிருந்து கேப்டன் வரை எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். காற்றை அளக்கும் ஒரு மஞ்சள் கருவி எப்போதும் அவர் தோளில் தொங்கும். மூடிய அறைக்குள் யாராவது இறங்க வேண்டும் என்றாலும், எங்கேயாவது வெல்டிங் பொறி பறக்க வேண்டும் என்றாலும், அவர் அளந்து பார்த்து பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்தொன்பது வயதில் கடற்படைக்கு வந்தவர். பதினேழு வருடம் என்ஜின் அறையில் ஏணி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோனது. "உட்கார்ந்து பார்க்கிற வேலை" என்று சொல்லித்தான் பாதுகாப்புப் பிரிவில் போட்டார்கள். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்ததே இல்லை.

கப்பலில் ஆபத்து என்றால் வெளியாட்கள் பீரங்கியையும் புயலையும் நினைப்பார்கள். அவர் பயந்ததெல்லாம் சும்மா மூடிக் கிடக்கும் இரும்பு அறைகளுக்கு. உள்ளே துருப்பிடிக்கப் பிடிக்க, காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனைத் துரு தின்றுவிடும். வெல்டிங் குழாயிலிருந்து கசியும் வாயு, காற்றைவிடக் கனமானது. சத்தமில்லாமல் அடியில் போய்த் தேங்கிக்கொள்ளும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இறங்குகிறவனுக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் மீட்டரின் குழாயை விட்டு அளக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் மறுபடி ஒரு முறை.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முதலில், "வெளிய போற வழி எந்தப் பக்கம்?" என்று கேட்பார். "வந்தவுடனே கிளம்பறதப் பத்திக் கேக்கறீங்களே, ரொம்ப நல்லா இருக்கு" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்று ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள். இரண்டு பேரும் வீடு திரும்பினால் யார் முதலில் நாற்காலியில் விழுவது என்பதில்தான் போட்டி.

அந்த வருடம் கப்பல் பழுதுபார்க்க உலர்துறையில் ஏறியது. கிளம்பும் தேதி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது முறை தள்ளிப்போனால் தலை உருளும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியை எல்லோரும் சின்ன கேப்டன் என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மாதம் அவர் வாயிலிருந்து "எப்போ முடியும்?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஐந்து, ஆறு என்று வந்துகொண்டிருந்த பெர்மிட்டுகள் ஒரு நாளைக்குப் பத்தொன்பது ஆயின. அளக்க இவர் ஒருவர்தான். விடிவதற்கு முன் வருவார், எல்லோரும் போன பிறகு போவார். மாத்திரை போட்டுக்கொண்டு ஏணி ஏறுவார்.

ஒரு வியாழக்கிழமை மதியம். பின்பக்கத்து ஆறாம் நம்பர் டேங்க்குக்கான பெர்மிட்டோடு வெல்டர் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் மனிதர், உலர்துறையில் இருபது வருடமாக வேலை செய்பவர்.

"காலையில பாத்த டேங்க்தானே சார். உள்ள காத்து விடற ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கு. இன்னும் ரெண்டு சாண் ஒட்டிட்டா முடிஞ்சுது."

மீட்டர்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆறாம் நம்பருக்குப் போக நான்கு ஏணி. மேசையில் இன்னும் ஏழு தாள்கள் கிடந்தன. ஆக்ஸிஜன் அளவு என்று காலையில் குறித்த இருபது புள்ளி எட்டு சதவீதத்தை அப்படியே எழுதி, நேரம் ஒன்றரை என்று போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். பாதுகாப்புப் பிரிவுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் அளக்காமல் போட்ட முதல் கையெழுத்து அது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது வாயை எடுக்காமல் டப்பாவை மூடினார். 'இப்போது போய் அளந்துவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கடைசி ஏணியில் இறங்கும்போதே ஏதோ குறைந்தது. ஃபேன் சத்தம் கேட்கவில்லை.

டேங்க்கின் வாயருகே காவலுக்கு இருந்தது வெல்டரின் மச்சினன். முப்பத்தைந்து வயது, ஆள் நல்ல கட்டுமஸ்து. உள்ளே போன கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து பதில் இழுப்பு வரவில்லை. "மச்சான்! மச்சான்!" என்று கத்தினான். பிறகு கயிற்றை விட்டுவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தான்.

மீட்டர்காரர் எப்படித் தாவினார் என்று அவருக்கே தெரியாது. பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் இரும்புத் தரையில் விழுந்தார்கள்.

"விடுய்யா! அவர் உள்ள செத்துக்கிட்டு இருக்கார்யா!"

"நீயும் இறங்கினா ரெண்டு பேரத் தூக்கணும். விட மாட்டேன்."

பக்கத்தில் துளை போட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் விறைத்துப்போய் நின்றான். அவன் தன் டிரில்லை மாட்டுவதற்காக ஃபேனின் ப்ளக்கைப் பிடுங்கியிருந்தான். 'ரெண்டே நிமிஷம்' என்று நினைத்தவனுக்குக் கால் மணி நேரம் போனது தெரியவில்லை. "ஃபேனை மாட்டு! போன் அடி!" என்று மீட்டர்காரர் கத்தியபிறகுதான் அவன் அசைந்தான்.

மூச்சுக்கருவியோடு மீட்புக் குழு வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் மச்சினன் அவர் பிடியில் துள்ளினான், அழுதான், கெட்ட வார்த்தையால் திட்டினான். முழங்கையால் ஓங்கி இடித்ததில் அவர் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் விடவில்லை. அவன் மார்பு அடித்துக்கொள்வது அவருடைய கைக்குள் தெரிந்தது. மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: நான் அளக்கவில்லை, நான் அளக்கவில்லை.

வெல்டரை மேலே தூக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்ஸிஜன் வைத்து மூன்றாவது நிமிடத்தில் இருமினார். ஆம்புலன்ஸ் போன பிறகு மீட்டர்காரர் டேங்க்குக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஃபேன் ஓடிய பிறகும் அடியில் ஆக்ஸிஜன் பதினான்கு சதவீதம்தான் காட்டியது.

மறுநாள் கப்பல் முழுக்க அவர் பேச்சுதான். அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும் என்று முதுகில் தட்டினார்கள். சின்ன கேப்டன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"பேப்பர் சுத்தமா இருக்கு. ஒன்றரை மணிக்கு இருபது புள்ளி எட்டு. அப்புறம் எலக்ட்ரீஷியன் ப்ளக்கைப் பிடுங்கியிருக்கான். தப்பு அவன் மேல. உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கேன்."

"அந்த நம்பர் காலையில எடுத்தது சார். மதியம் நான் அளக்கல."

சின்ன கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு மாசத்துல உங்களுக்குப் பதவி உயர்வு. நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. நாளைக்கு வந்து, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"சொல்லலைன்னா என்ன ஆகும்?"

"எலக்ட்ரீஷியனுக்கு வேலை போகும்."

"சொன்னா?"

"எனக்கு உயர்வு போகும்."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "தினமும் நூறு டியூப்ல பேர் ஒட்டறேன். பாதி நாள் கண்ணு சொருகுது. நீங்க செஞ்ச தப்ப நானும் எப்பவோ செஞ்சிருக்க வேண்டியது, ஏதோ தப்பிச்சேன். போய்ச் சொல்லிடுங்க. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, உதட்டுக்கு மருந்து போடறேன்."

அவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். முதல் பக்கத்தில், தான் செய்த தவறு. இரண்டாம் பக்கத்தில் ஒரு கணக்கு. ஓர் அறையை ஒழுங்காக அளக்க இருபது நிமிடம். பத்தொன்பது அறை, தினம் இரண்டு முறை என்றால் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம் வருகிறது. அளப்பதற்கு மட்டுமே அவ்வளவு. இது ஒரு மாதமாகத் தனக்குத் தெரியும் என்றும், யாரிடமும் சொல்லாமல் சமாளித்ததுதான் தன்னுடைய பெரிய தவறு என்றும் எழுதியிருந்தார்.

சின்ன கேப்டன் இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்று தானே சொல்லிக்கொண்டு, கேப்டன் அறைக்கு எடுத்துப் போனார்.

பதவி உயர்வு நின்றது. கண்டனக் குறிப்பு ஏட்டில் ஏறியது. எலக்ட்ரீஷியன் எச்சரிக்கையோடு தப்பினான். ஒரு நாளைக்குப் பத்து பெர்மிட்டுக்கு மேல் கிடையாது என்று உத்தரவு வந்தது. வேறொரு கப்பலிலிருந்து இன்னொரு மீட்டர்காரரை அனுப்பினார்கள். கப்பல் பதினொரு நாள் தாமதமாகக் கிளம்பும் என்று ஆனது. அதற்காகச் சிலர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதுகில் தட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வெல்டர் ஆறு வாரம் கழித்துத் திரும்பினார். கை இன்னும் லேசாக நடுங்கியது. மேல் தளத்தில் சில்லறை வேலை கொடுத்திருந்தார்கள். மீட்டர்காரர் அவரைத் தேடிப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"தெரியும் சார், சொன்னாங்க" என்றார் வெல்டர். "உள்ள எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாத் தூக்கம் வந்துது, அவ்வளவுதான். இப்பதான் வீட்டுல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது." பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இவர் உட்கார்ந்தார்.

மச்சினன் மட்டும் பேசவேயில்லை. அடுத்த வாரம் அவன் பெயரில் ஒரு பெர்மிட் வந்தது, முன்பக்கத்து டேங்க்குக்கு. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அளக்கும்போது நானும் கூட வந்து பாக்கணும்" என்றான்.

"வாங்க."

மூன்று ஏணி இறங்கினார்கள். குழாயை விட்டபோது அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தான். நடுவில் எண் நிலைக்கவில்லை என்று மறுபடி அளக்கச் சொன்னான். இருபது நிமிட வேலை முப்பத்தைந்து நிமிடம் இழுத்தது. மீட்டர்காரருக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் மறுபடி குழாயை அடிவரைக்கும் இறக்கினார்.