எழுபத்தைந்து கிலோவும் நூற்றிருபது படியும்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை எடை பார்த்தது. சனிக்கிழமை காலை, குளியலறை வாசலில். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடைமெஷினில் ஏறுவாள். அதுவும் எடைதானே என்பது அவள் கட்சி. கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது. அதனால் மகள்தான் குனிந்து படிக்க வேண்டும்.

"எழுபத்தாறு புள்ளி நாலு."

"சரியாப் பாருடீ."

"சரியாத்தான் பாத்தேன். போன வாரமும் இதேதான்."

"பிஸ்கட்டைத் தொட்டு ஆறு வாரம் ஆச்சு. இந்த மெஷினுக்கு மனசாட்சியே இல்ல."

குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் அம்மா முப்பத்தொரு வருஷம் குமாஸ்தா. பெரிய மேல்நிலைத் தொட்டியின் காவல்காரி தினம் மூன்று தடவை போன் செய்து நீர்மட்டம் சொல்வாள். அம்மா அதைப் பதிவேட்டில் எழுதுவாள். அந்தத் தண்ணீரை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் நாவல் எழுதக் கிளம்பினாள். கதாநாயகி அந்தத் தொட்டியில் தனியாக வேலை பார்க்கும் ஒருத்தி. முதல் அத்தியாயம் தொட்டியின் உச்சியில் நடக்கிறது. அங்கே போக நூற்றிருபது படி. அம்மாவுக்கோ முழங்கால் தேய்மானம்.

"பாக்காமயே எழுதும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்று மகள் ஒரு தடவை கேட்டாள்.

"முப்பத்தொரு வருஷம் பாக்காமத்தான் எழுதினேன். இதையாவது பாத்துட்டு எழுதறேன்."

டாக்டர், "கொஞ்சம் எடையைக் குறைச்சுட்டு ஏறுங்க" என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. மகள் பம்பு தயாரிக்கும் ஆலையில் அழுத்தமானிகளைச் சோதிக்கிற இன்ஜினியர். வீட்டுக்கு வந்து அம்மாவின் எடைக்கு ஒரு வரைபடம் போட்டாள். வரைபடம் என்றால் இலக்குக் கோடு வேண்டும். முழு எண்ணாக இருக்கட்டுமே என்று எழுபத்தைந்தில் சிவப்புக் கோடு இழுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரே வாரத்தில் அது அம்மாவின் பேச்சில் டாக்டர் சொன்ன எண்ணாகிவிட்டது. மகள் திருத்தவில்லை. டாக்டர் பேரைச் சொன்னால்தான் அம்மா கேட்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

கால அட்டவணையும் அவள் போட்டதுதான். ஆறிலிருந்து ஏழு வரை நடை, ஏழிலிருந்து எட்டு வரை எழுத்து. தாளில் கச்சிதமாக இருந்தது. நடக்கும்போது அம்மாவுக்குக் கதை பிய்த்துக்கொண்டு வரும், கையில் பேனா இருக்காது. வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தால் கதை போய்ப் பசி வந்து நிற்கும். மென்றால்தான் வாக்கியம் வரும் என்பாள். மெல்லுவதற்கு வெள்ளரிக்காயைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கதாநாயகிக்கே வெள்ளரிக்காய் பிடிக்காமல் போயிற்று.

"உன் நாவல்ல எல்லாரும் ஏன் எரிஞ்சு எரிஞ்சு விழறாங்க?" என்று அப்பா கேட்டார்.

"எழுதறவ பட்டினி கிடந்தா அவங்க மட்டும் சிரிப்பாங்களா?"

எண்பத்தொன்றிலிருந்து எடைக்கோடு நன்றாகத்தான் இறங்கியது. எழுபத்தாறு சொச்சத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஐந்து வாரமாக நகரவில்லை. நோட்டில் முதல் அத்தியாயத்துக்கென்று விட்ட பக்கங்களும் நகரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மெஷினிலிருந்து இறங்கிக் கண்ணாடியை மாட்டியபடி அம்மா கேட்டாள். "ஒண்ணரை கிலோ கூட இல்லையே. ஏறிப் பாத்துட்டு வந்துடறேனே."

"டாக்டர் சொன்னா சொன்னதுதாம்மா."

"அவர்கூடக் கெஞ்சினா விட்டுருவாரு. நீ இருக்கியே."

அது டாக்டர் எண் இல்லை, நான் போட்டது என்று சொல்ல அரை நிமிஷம் போதும். மகளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை மதியம் மேஜையில் உட்கார்ந்தபடியே அம்மாவின் இதயம் நின்றது. எதிரில் நோட்டு மூடியே இருந்தது.

புதன்கிழமை காலை பத்தரைக்கு அம்மாவின் போன் அடித்தது. மகள் எடுத்தாள்.

"மேடம் கிளம்பிட்டாங்களா? தொட்டியிலேருந்து பேசறேன். பத்து மணிக்கு வர்றேன்னாங்க."

"என்னைக்குச் சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை. முட்டி வலிக்குமேன்னு நான்கூடச் சொன்னேன். 'டாக்டர் கணக்கு கிடக்கட்டும், உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன்'னாங்க. வழியில மூணு இடத்துல நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

மகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. எப்படிச் சொல்வாள், சொன்னால் நான் விட்டிருப்பேனா என்பதும் உடனே புரிந்தது.

"நீங்க யாரு, மகளா? மேடம் இல்லீங்களா?"

"திங்கக்கிழமை அம்மா இறந்துட்டாங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மகள் மேஜையில் இருந்த நோட்டைத் திறந்தாள். புதன், பத்து மணி, தொட்டி என்று எழுதியிருந்தது. அதன் கீழே, மேலே போய்ப் பார்க்க வேண்டியவை. தண்ணீருக்கு என்ன நிறம். உள்ளே பார்த்துக் கூப்பிட்டால் எதிரொலிக்குமா. எனக்குப் போன் செய்யும்போது அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள்.

பதில் எழுத ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி விட்டிருந்தாள்.