நான் வைக்காத கையெழுத்து

கொரோனாவுக்காக இரவு எட்டு மணிக்குப் பிறகு வெளியே போகக்கூடாது என்று கனடாவில் மொன்றியலில் சட்டம் போட்டார்களே, அந்த மாரிக் குளிருக்கு அடுத்த கோடையில் நடந்தது இது. ஊரடங்கு எங்களுக்குப் புதிதல்ல, ஊரில் சண்டைக் காலத்தில் பழகினதுதான். என் மனைவி ஆறு மணிக்கே முன் லைற்றை நிற்பாட்டிவிடுவாள். "இஞ்ச ஆமி இல்லையப்பா" என்றால் கேட்கமாட்டாள். சரி, அது வேறு கதை.

நான் சென்ட் லோரன்ட் பகுதியில் நிக்கோ என்ற கிரேக்கனிடம் இருபத்தாறு வருடம் பெயின்ற் அடித்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு வீட்டைச் சுற்றி நடந்தால் எத்தனை கலன் பெயின்ற் போகும் என்று சொல்லுவேன்.

அன்ரன் மன்னார்ப் பெடியன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. மேலும் கீழுமாக இரண்டு வீடுள்ள ஒரு டுப்ளெக்ஸின் கீழ் வீட்டில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தான். சொந்தக்காரக் கிழவி முழுக் கட்டடத்தையும் அவனுக்கே விற்கச் சம்மதித்தாள். வங்கி ஒரு ஆளை அனுப்பி வலுவேசன் பார்க்கும். அவர் போடுகிற மதிப்பை வைத்துத்தான் கடன். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டு உள்ளே பெயின்ற் அடிப்பித்தான்.

மூன்று வீடு தள்ளி அதே மாதிரி டுப்ளெக்ஸ், வெள்ளைக்காரச் சோடி ஒன்றுடையது. வசந்தத்தில் அதையும் நான்தான் அடித்தேன். கட்டினவன் ஒருவன், அளவு ஒன்று. அன்ரனுடைய கூரைதான் புதியது. அவர்களுக்கு வந்த மதிப்பை அந்த மனிதனே எனக்குச் சந்தோசமாகச் சொன்னான்.

வேலை முடிந்த அன்று நிக்கோ என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அந்தாள் வரேக்க வீட்டில உங்கட ஆக்கள் நிக்கவேண்டாம். படங்களைக் கழட்டச் சொல்லு. கறி வைக்கவேண்டாம். நான் கதவு திறக்கிறன், வெள்ளைக்காரன்ர வீடெண்டு நினைக்கட்டும்."

அன்ரனிடம் சொன்னேன். கலியாணப் படங்களைக் கழற்றினான். திரு இருதய ஆண்டவர் படத்தில் கைவைக்கவில்லை.

"அண்ணை, அவங்களும் வேதக்காரர்தானே. ஆண்டவரைக் கண்டா ஒரு மரியாதை வரும்."

அவன் மனைவி ஜெயராணி பூசைக்குப் போகிற சேலை உடுத்து, கேக் வெட்டி வைத்திருந்தாள். நானும் படிக்கட்டில் விடுபட்ட இடங்களுக்கு ரச்-அப் செய்தபடி நின்றேன்.

நிக்கோவைக் கூப்பிடாமல் அன்ரனே கதவைத் திறந்தான்; வங்கி அனுப்பினவர் 'போன்ஜூர்' சொன்னார். படத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "இங்க எத்தனை குடும்பம் இருக்கு?"

"நாங்கள் நாலு பேர்தான் சேர்."

"பேஸ்மென்ற்றில?"

"பிள்ளையளின்ர சைக்கிள்தான்."

கூரையைப் பற்றி அன்ரன் சொல்லத் தொடங்கினான். அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் போய்விட்டார். கேக் அப்படியே இருந்தது.

வலுவேசன் தாள் வந்தபோது மதிப்பு மற்ற வீட்டைவிட மிகக் கீழே; அதற்குக் கிடைக்கிற கடன் வீடு வாங்கப் போதாது. 'குடியேறிகள் வாடகைக்கு இருக்கும் பகுதி' என்று எழுதியிருந்ததாம். மற்ற வீடும் அதே தெருவில்தான்.

அன்ரன் என்னிடம் வந்தான். "ரெண்டையும் நீங்கள்தானே அடிச்சனீங்கள் அண்ணை. ரெண்டும் ஒண்டுதான் எண்டு வங்கிக்கு ஒரு கடிதம் தாங்கோ."

நிக்கோவிடம் கேட்டேன். "அந்த வலுவேசன்காரன்ர சிநேகித வீட்டு ஏஜென்ற்மார்தான் எங்களுக்கு வேலை தாறவங்கள். உனக்குப் பென்சன் வரப்போகுது. பேசாமல் இரு" என்றான்.

அன்ரனிடம் சொன்னேன்: "எனக்கு எழுதத் தெரியாதே தம்பி."

"நான் எழுதுறன். நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ."

"பாப்பம்" என்றேன். அவன் இரண்டு ஞாயிறு காத்துப் பார்த்தான். பிறகு கேட்கவில்லை.

வீட்டை ஒரு கொம்பனி வாங்கியது. அவர்கள் கேட்ட கடனை இன்னொரு வங்கி கொடுத்ததாம். நிக்கோ சிரித்துக்கொண்டு சொன்னான். திருத்த வேலை என்று அன்ரனை வீட்டை விட்டு எழுப்பினார்கள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் ஏழு குடும்பம் அப்படியே போனது. மூலையில் கருவாடு விற்ற தெப்பனேர் என்கிற சின்னக் கடையும் பூட்டுப்பட்டது. அன்ரன் விட்டுப் போன வெறும் வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்தவன் நான்தான். கூலியும் வாங்கினேன்.

பெயின்ற், பிளம்பிங், கரண்ட் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டின் உள்பக்கத்தைக் கண்டவன் நீ. கண்டதைச் சொல்லக் கூப்பிட்டால் போ. வீடு வாங்குகிறவர்கள், வலுவேசன் குறைந்து வந்தால் வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். பக்கத்து வீட்டு மதிப்பைக் காட்டி வேறு ஆளை அனுப்பச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். வாசிக்கிறவர்கள் வீடு பார்க்கிற ஒருவருக்காவது இதைச் சொல்லிவிடுங்கள். அன்ரனைக் கண்டால் சொல்லவேண்டாம். அவனுக்கு இது தெரியும்.