கடைசி ரீலும் கடைசி போட்டும்

தமிழ்ப் படங்களில் எனக்குப் பிடிக்காதவை நிறைய. கதாநாயகனுக்குப் பேரன் எடுக்கிற வயசு இருக்கும், கையில் கல்லூரிப் புத்தகம். கார் ரேஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். நேரான ரோட்டில் அவர் ஸ்டியரிங்கை மாவாட்டுகிற மாதிரி சுற்றுவார், தலைமுடி மட்டும் கலையாது. இத்தனை குறை சொல்லிக்கொண்டே ஒரு படத்தையும் விடமாட்டேன். மெயின்லேண்டில் ஓடித் தேய்ந்த படம் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டால், அந்தச் சனிக்கிழமை மதியமே ராத்திரிச் சமையலையும் முடித்துவிட்டுத் தலைசீவ உட்கார்ந்துவிடுவேன்.

அறுபதுகளில் நாங்கள் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அக்கரையில் சாத்தம் மரமில்லில் வேலை. சினிமா கொட்டகையும் அக்கரைதான். படம் முடியும்வரை கடைசி போட் நிற்காது, அதுதான் கஷ்டம். வில்லன் அம்மாவைத் தூணில் கட்டுகிற நேரம் பாம்பூஃப்ளாட் ஆட்கள் மொத்தமாக எழுந்துவிடுவோம். இருட்டில் செருப்பைத் தேடி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு ஓட்டம். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒரு படத்துக்கும் நான் முடிவு பார்த்ததில்லை.

அதனால் முடிவை போட்டில் நாங்களே வைத்துக்கொள்வோம். ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் வில்லனுக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் கடைசியில்தான் வாயைத் திறப்பார். எந்தப் படமானாலும் அவருக்கு ஒரே முடிவு: அம்மா பிழைத்துக்கொள்வாள்.

"உங்க படத்துல அம்மா சாகவே மாட்டாங்களாண்ணே?" என்று கேலி செய்வார்கள்.

"சாகாது. அதுக்குள்ள பையன் வந்துருவான்ல."

எனக்கோ ஒரு தடவையாவது நிஜமான முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பொறுக்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை பெண்களாகச் சேர்ந்து ஆபரேட்டரிடம் போய் முறையிட்டோம். மலையாளி, இளகின மனசு. "டீக் ஹை. ஆக்ரி ரீல் பெஹலே" என்று தீவுக்கே பொதுவான இந்தியில் சொன்னார். கடைசி ரீலை முதலில் ஓட்டிவிடுவாராம். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விளக்கை அணைத்ததும், எடுத்த எடுப்பில் அம்மா சாகக் கிடந்தாள். மகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் உயிர் போய்விட்டது. வணக்கம் போட்டுவிட்டு உடனே முதல் ரீல். அதே அம்மா தொட்டிலை ஆட்டிப் பாடுகிறாள். காமெடி நடிகர் வழுக்கி விழுகிறார், நாங்கள் மூக்கைச் சிந்துகிறோம். போர்ட் பிளேர்க்காரர்கள் ஆபரேட்டரைத் திட்டித் தீர்த்தார்கள். பக்கத்தில் திரும்பினால் என் வீட்டுக்காரரைக் காணோம்.

போட்டுக்கு ஓடிவந்தபோது ஜெட்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. கப்பலுக்குக் காத்திருந்து, மெட்ராஸில் இறங்கி, ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதையும் போட்டில் அவர் சொல்கிற முடிவையும் சேர்த்துப் பார்க்க அன்றுவரை தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. முடிவுதான் தெரிந்துவிட்டதே, பேச என்ன இருக்கிறது? பாதி வழியில் நான்தான் கேட்டேன்.

"ஏங்க, அந்த ரயில் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"வந்துரும். பையன் ஓடிப்போயி பக்கத்துல உக்காருவான். அது கண்ணு முழிச்சு, சாப்பிட்டியாப்பான்னு கேக்கும்."

அன்றைக்கு ஒருவரும் கேலி செய்யவில்லை. பாம்பூஃப்ளாட்டில் அந்தப் படத்துக்கு அதுதான் முடிவு.