கோச்சி பிந்தும், பயம் பிந்தாது

சின்ன ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிற உத்தியோகத்தில் கைக்கு வேலை கொஞ்சம். நெஞ்சுக்குத்தான் ஓய்வே இல்லை.

சிலாபத்துக்கும் பாலாவிக்கும் இடையில், ஒரு பக்கம் தென்னந்தோட்டமும் மறுபக்கம் உப்புக்காற்றுமாக இருக்கிற ஒரு ஸ்டேஷனில் பத்தொன்பது வருசமாக இருக்கிறேன். டிக்கட் கொடுப்பதும் நான், மணி அடிப்பதும் நான், மேடை கூட்டுவதும் நான். நியமனக் கடிதத்தில் நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. ஊர்ச்சனம் அதை வாசிக்கவில்லை, 'மாஸ்டர் தாத்தா' என்று வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. வெளியூர்க்காரர் அந்தப் பெயரைக் கேட்டு, நரைத்த தாடியோடு யாரோ வரப்போகிறார் என்று டிக்கட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

நாங்கள் கோச்சி என்கிற ரயிலுக்கு நின்று நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று நீங்கள் பயந்ததை நான் உள்ளே நின்று பயந்தேன், அவ்வளவுதான்.

மேடை முடிந்த இடம்

எங்கள் மேடை நாலு பெட்டிக்கு அளந்து கட்டினது. கோச்சி எட்டுப் பெட்டியோடு வரும். பின்னால் இருக்கிற நாலு பெட்டிச் சனமும் நெஞ்சு உயரத்திலிருந்து சல்லிக்கல்லில் குதிக்க வேண்டும். உடப்பிலிருந்து சிலாபத்துக்குக் கருவாடு கொண்டுபோகிற செல்லம்மாக்கா எப்போதும் முன்பெட்டியில்தான் வருவா. ஒரு நாள் விற்றுவிட்டுத் திரும்புகிற பகல் கோச்சியில் சனம் நெரிந்து, பின்பெட்டியில் ஏறிவிட்டா. அறுபது தாண்டின மனுசி. கோச்சி நின்றதும் முதலில் வெறுங்கூடையைக் கீழே போட்டா. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினா. கோச்சி நகர்ந்துவிட்டது.

சேலைத் தலைப்பு கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாக அந்த மனுசி தொங்கிக்கொண்டு வருகிறா. கோச்சி போகிற திசையில், இருபது அடிக்கு முன்னால், மேடை தொடங்குகிற கல்சுவர். நான் மேடையில் நிற்கிறேன். கத்தினேன்; கோச்சி இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. மணியைப் பிடித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி விடாமல் அடித்தேன். கடைசிப் பெட்டியிலிருந்து கார்ட் தலையை நீட்டிப் பார்த்து பிரேக்கைப் போட்டார். சேலை கிழிந்து, செல்லம்மாக்கா கல்லில் விழுந்தா. அவவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

நான் ஓடிப்போனபோது முழங்காலில் இரத்தம் வழிய உட்கார்ந்திருந்தா. கூடையை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "மாஸ்டர் புள்ள, மேடைய நீட்ட ஏலாட்டி, கோச்சியையாவது கொஞ்சம் கட்டையாக்கச் சொல்லு."

கல் வைத்த கதவு

பெண்களுக்கென்று மேடைக் கடைசியில் ஒரு கக்கூஸ் இருக்கிறது. தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து எத்தனையோ வருசம். மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போய், நாங்களே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். யாராவது உள்ளே போனால் நான் வெளியில் ஒரு பெரிய கல்லைக் கதவோடு உருட்டி வைப்பேன், தட்டினால் எடுப்பேன்.

ரிஸ்னா டீச்சர் புத்தளத்திலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. இந்தக் கதவுக்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பா. அன்றைக்கு வெயில் கொடுமை, குடித்துவிட்டா. உள்ளே விட்டு, கல்லை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து, நிற்காமல் போகிற சாமான் கோச்சி வந்தது. அது கடந்து முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் அடங்கின பிறகுதான் அடுத்த சத்தம் கேட்டது. கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு, "தாத்தா! தாத்தா! பாம்பு!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தினமும் உருட்டுகிற கல் அன்றைக்கு அசையவில்லை. நகம் பிய்ந்தது. கதவைத் திறந்தால், டீச்சர் மூலையில் சுவரோடு ஒட்டிப்போய் நிற்கிறா, அபாயா வியர்வையில் நனைந்து கிடக்கிறது. தண்ணீர் வாளிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த விரியன், கோச்சி அதிர்வில் எழும்பி, அவவின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி ஊர்ந்து, சுவர் வெடிப்பால் வெளியே போயிருக்கிறது. அந்த நேரமெல்லாம் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டினது நான். நான் அழுதுவிட்டேன். அவதான் என் தோளைத் தடவினா. மூச்சு வந்ததும் சொன்னா: "பாம்பு எனக்கு வழி விட்டிச்சி தாத்தா, உங்கட கல்லுதான் விடல்ல."

அடுத்த வாரம் என் வீட்டு அலுமாரியில் இருந்த கொண்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அந்தக் கதவில் அடித்தேன். அனுமதி கேட்காமல் செய்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டியபோது டீச்சர் சொன்னது இது: "தாழ்ப்பாள் இல்லண்டு எழுதினா வராத பதில், போட்ட ஒடன வந்திட்டே!"

ஒரே ஒரு டிக்கட்

கட்டணம் கூடின காலத்தில் ஜன்னலில் வந்து சத்தம் போட்டவர்களை எனக்கு ஞாபகமில்லை. சத்தம் போடாத ஒருவரைத்தான் மறக்க முடியவில்லை. வேலாயுதம் ஐயாவும் மனைவி இராசம்மாவும் மாதம் ஒரு தடவை சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போவார்கள். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கல், முகங்கள் நிழலாகத்தான் தெரியும். பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டாது என்று கோச்சியில் போகிறவர்கள். விலை கூடின மாதம் ஐயா ஜன்னலில் வந்து ஒரு விரலைக் காட்டினார். "அவ மட்டும் போகட்டும், பாதை பழக்கந்தானே" என்றார். பெட்டியில் ஏற்றி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு, மேடை வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். கேட்கவில்லை.

அம்மா வரவேண்டிய பின்னேரக் கோச்சி வரவில்லை. எஞ்சின் பழுது, இன்றைக்கு அந்தக் கோச்சி ஓடாது என்று எனக்குப் போன் வந்தது. அதை ஐயாவிடம் சொன்னேன். அவர் எழும்பி நின்றார், திரும்ப உட்கார்ந்தார், திரும்ப எழும்பினார். "அவவுக்கு அது தெரியாதே மகள். வேற கோச்சியில ஏறிட்டா? கண் தெரியாம தண்டவாளத்தில இறங்கிட்டா?" நான் சிலாபம் பெரிய ஸ்டேஷனுக்குப் போன் எடுத்தேன். அங்கே டிக்கட் கொடுக்கிற சிங்களத் தம்பி, "நீலச் சேலை, கையில் மருந்தெழுதின ஆஸ்பத்திரிக் கொப்பி" என்று நான் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப்போனார். இல்லை என்று வந்து சொன்னார். இதை நான் ஐயாவிடம் சொல்லவில்லை. பொய் சொன்னேன்: "தேடுறாங்க ஐயா." அடுத்த கோச்சி வரும்வரை அந்தப் பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுதுபட்ட நேரம் அடுத்த கோச்சி வந்தது. மூன்றாம் பெட்டியிலிருந்து யாரோ ஒரு பெண் கைபிடித்து இறக்க, அம்மா இறங்கினா. ஆஸ்பத்திரியில் நேரம் போய், ஸ்டேஷனுக்கே பிந்தித்தான் வந்திருக்கிறா. கோச்சி ஓடாத விசயமே அவவுக்குத் தெரியாது. ஐயா அவவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒரு டிக்கட் மிச்சம் பிடிக்கப் போய், ரெண்டு உசிரையும் பணயம் வெச்சிட்டன் மகள்."

தொங்கின தண்டவாளம்

மாரி மழை மூன்று நாளாக விடாமல் பெய்த ஒரு காலை. கரண்ட் இல்லை, ஸ்டேஷன் போன் செத்துவிட்டது, கைப்போனில் ஒரு கோடும் இல்லை. லைன் பார்த்து நடக்கிற சோமபால ஐயா ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு மேடையில் ஏறினார். என்னை அவர் 'நங்கி' என்பார், சிங்களத்தில் தங்கச்சி. "நங்கி, வடக்குப் பக்கம் மதகடியில் கல்லு, மண்ணு எல்லாம் அடிச்சிட்டுப் போச்சி. ரெயில் சும்மா தொங்குது. அங்கால போகப் பாத்தேன், தண்ணி தள்ளி விழுத்திட்டு." முழங்கால் வீங்கிப் போயிருந்தது. நேரத்தைப் பார்த்தேன். சிலாபத்துக்கு வேலைக்குப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு வருகிற கோச்சி, வடக்கிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். என்றைக்கும் பிந்தி வருகிற அந்தக் கோச்சி, யா அல்லாஹ், இன்றைக்கும் பிந்தட்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அவரிடமிருந்த சிவப்புக் கொடியைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். த்ரீவீல் ஓட்டுகிற நௌபர் வண்டிக்குள் சுருண்டு படுத்திருந்தான். ரோடு லைனோடு ஒட்டித்தான் போகிறது; மதகைத் தாண்டி விட்டால் தோட்டத்துக்குள்ளால் லைனுக்கு ஏறலாம். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓட்டினான். இறங்கி, தென்னைகளுக்குள் ஓடினேன். முள்ளுக்கம்பி வேலியில் அபாயா மாட்டியது, இழுத்தேன், கிழிந்தது. ஒரு செருப்பு சேற்றோடு போனது. லைனில் ஏறின நேரம் காலுக்குக் கீழே தண்டவாளம் இரைகிறது. கோச்சி வருகிறது.

மழைக்குள் விளக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. கொடியை விரித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினேன். நனைந்த கொடி விரியாமல் கையோடு ஒட்டியது. இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே ஆட்டினேன். ஹோர்ன் அலறியது. நான் விலகவில்லை. விலக வேண்டும் என்றுகூட நினைவு வரவில்லை. பிரேக் இறுகிக் கிரீச்சிட்டு, எஞ்சின் என் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டு நின்றபோது, லைன் ஓரத்துச் சேற்றில் நான் உட்கார்ந்திருந்தேன். எப்போது ஒதுங்கினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ட்ரைவர் இறங்கி வருமுன் பயணிகள் இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்தவர் ஜெயசீலன். சிலாபத்தில் ஒரு கந்தோரில் கிளார்க். லைனில் உள்ள எல்லா ஸ்டேஷனின் முறைப்பாட்டுப் புத்தகத்திலும் எழுதினவர். என் புத்தகத்தில் மட்டும் பதினொரு பக்கம் அவருடையது. "இண்டைக்கும் லேட்டா? சம்பளத்தில வெட்டினா நீங்களா தருவீங்க?" என்று குடைக்குள்ளிருந்து கத்தினார். நான் மதகுப் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். ட்ரைவரோடு அவரும் நடந்துபோனார். மதகடியில் கீழே செம்மண் தண்ணீர் சுழித்து ஓட, மேலே இரண்டு தண்டவாளமும் கட்டைகளோடு கொடிக்கயிறு மாதிரித் தொங்கின. குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்துகொண்டே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, தன் சப்பாத்தைக் கழற்றி என் வெறுங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "மாஸ்டர், எத்தனையோ தரம் லேட்டாக்கினீங்க," என்றார், "இண்டைக்கு மட்டுந்தான் காரணத்தோட லேட்டாக்கினீங்க."

என் வீட்டுப் பயணி

என் மகள் சஃப்ரா கணக்காளர் படிப்புக்குச் சிலாபம் போய்வருகிறாள். பஸ் கட்டணம் கூடினதும் சனமெல்லாம் கோச்சிக்கு வந்துவிட்டது, பெட்டிகள் மட்டும் கூடவில்லை. ஒரு நாள் காலையில் அவளுக்கு உள்ளே கால்வைக்க இடமில்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி படியில் நின்றாள், பை வெளியே ஆடியது. பச்சைக் கொடி காட்டிக் கோச்சியை விட வேண்டியவள் நான். கை எழவில்லை. கார்ட் என்னைப் பார்க்கிறார், நான் மகளைப் பார்க்கிறேன். உள்ளேயிருந்து யாரோ அவளை இழுத்து ஒரு அடி நகர்த்தினார்கள். பிறகுதான் கொடியைத் தூக்கினேன். அன்று முழுக்க ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் எழும்பி ஓடினேன்.

பின்னேரம் வந்து இறங்கினவளைப் பிடித்து, நாளையிலிருந்து பஸ்ஸில் போ, இல்லாவிட்டால் படிப்பை விடு என்று ஏசினேன். அவள் களைத்துப்போய் வாங்கில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மிதிபட்ட விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உம்மா, உங்கட புள்ளைக்கு ஏலாத கோச்சிக்குத்தானே ஊர்ப் புள்ளையளுக்கெல்லாம் டிக்கட் குடுக்கிறீங்க."

நாங்கள் டிக்கட்டில் போகிற ஊரின் பெயரை மட்டுந்தான் அடித்துக் கொடுக்கிறோம். போய்ச் சேர்வதற்கு இந்த லைனில் இன்னும் அல்லாஹ்விடம் துஆதான் கேட்க வேண்டியிருக்கிறது.