காதர் பாயும் பாண்டிச்சேரிப் பெட்டியும்

போன வெள்ளிக்கிழமை காலை காதர் பாயின் மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. தூக்கத்துலயே." தூக்கத்திலேயே உயிர் போயிற்று என்றதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதிதான். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் அவர்.

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திய பாயை உங்களில் பலருக்குத் தெரியும். நான் அவரிடம் படம் ஓட்டும் ஆபரேட்டர். அவருக்கு ஒரே வியாதி, பெண்கள். தப்பாகச் சொல்லவில்லை; ஒருத்தியிடம் அத்துமீறியவரில்லை. ஆனால் மீன்கூடைக்காரியிடமும் முறுக்குக்காரியிடமும் நாலு வார்த்தை பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "கண்ணு கீறது இன்னாத்துக்குப்பா, பாக்கத்தான?" என்பார். அந்தப் பேரால் அவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு சம்பந்தம் திகைகிற மாதிரி இருந்தது. பெண் பெயர் நசீமா. ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர், "இது தட்டிப்போச்சுன்னா இனிமே எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றார். சிரிக்காமல் சொன்னார். பெண் வீட்டார் குடும்பத்தோடு நம் கொட்டகைக்குப் படம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்காகவே நல்ல குடும்பப் படமாகச் சொல்லிவைத்தார். படப்பெட்டி ரயிலில் செங்கல்பட்டுக்கு வரும்; அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். அன்று அவரே போய் எடுத்துவந்தார்.

மாலை ஆட்டம். முதல் ரீலை ஓட்டினேன். அட கடவுளே! திரையில் வெள்ளைக்காரன் பிரெஞ்சில் பேசுகிறான். பாண்டிச்சேரிக்குப் போகவேண்டிய பெட்டியைத் தூக்கி வந்திருக்கிறார் மனுஷன். அதுவும் என்ன படம்? கண்ணில் படுகிற பெண்களிடமெல்லாம் மயங்கி, பின்னாலேயே சுற்றுகிறவன் கதை! ஆண்கள் பக்கம் விசில், தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூச்சல். நசீமாவின் அத்தா எழுந்து செருப்பைத் தேடினார்.

பாய் ஓடிப்போய், சோடா முறுக்கு கூவுகிற மைக்கைப் பிடித்தார். "எல்லாம் உக்காருங்க, கதைய நான் சொல்றேன்." அவருக்கு பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. "இவன் பேரு கபாலின்னு வச்சுக்குங்க. ரொட்டி வாங்க வந்தான். கடைக்காரியப் பாத்துகினே ரொட்டிய மறந்துட்டான்." கொட்டகை சிரித்தது. மீனவப் பெண் ஒருத்தி கத்தினாள்: "அத்தினி பேரயும் பாக்கறானே, ஒருத்தியயாவது கட்டுவானா பாய்?"

பாய் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எதையாவது புளுகித் தொலையுங்களேன் என்று நான் பல்லைக் கடித்தேன். பேசினார். "படத்துல கட்டுவானா, தெரியாது தாயி. ஆனா இந்த ஆளு நாந்தான். காலைல டேசன்ல பூக்காரம்மாகிட்ட பேசிகினு நின்னேன், பெட்டி மாறிப்போச்சு. பாக்கறது என் புத்தி, மாறாது. கட்டிக்கணும்னு நெனச்சது ஒருத்தியத்தான். அவங்க இங்கதான் உக்காந்துகினு கீறாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நசீமாவின் குரல் வந்தது. "அத்தா, உக்காருங்க. படம் முடியட்டும்." அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மாதமே நிக்காஹ்.

நேற்று துக்கம் விசாரிக்கப் போனேன். கணவர் இறந்தபின் பெண்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் நசீமா இருப்பதால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "அன்னிக்குக் கொட்டகைல அவரு அப்பிடிச் சொன்னப்ப உனக்குப் பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"பயந்தான் அண்ணே. அப்புறமும் எல்லாரயும் பாத்தாரு. பாத்தத வூட்டுக்கு வந்து ஒண்ணு விடாம எங்கிட்ட சொன்னாரு. நானும் சிரிச்சுகினே கேட்டேன். அப்புறம் பயமே வரல." சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். வீட்டுக்குப் போனதும், வெளியே நடந்ததை, என் அசட்டுத்தனம் உட்பட, மனைவியிடம் சொல்லிவிடுவேன். ஆரம்பத்தில் அவளுக்கு அது பெரிய பேஜார். நேற்று நசீமா வீட்டிலிருந்து வந்து நான் பேசாமல் உட்கார்ந்ததும் அவளே பக்கத்தில் வந்து, "இன்னா சொன்னாங்க? சொல்லு" என்றாள்.